செய்து பார்த்தால்தான் இரசாயனம்

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் கல்முனைக் கரையோர ஆசிரியர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுவை முடிந்து, அடுப்படி வேலையையும் ஒருவாறு முடித்துவிட்டுக் களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் பேசுகிறோம். மேசையில் சில சாமான்களை வைத்திருக்கிறோம். மஞ்சள், சுண்ணாம்பு, தேசிக்காய், முட்டை ஓடு, மெழுகுதிரி, இரண்டு போத்தல். சமைக்க வந்தோம் என்று நினைக்க வேண்டாம். இரசாயனம் படிப்பிக்க வந்தோம்.

நாங்கள் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலிருந்து வருகிறோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலோரமாக வரிசையாக இருக்கும் ஊர்கள். மேற்கே சம்மாந்துறைப் பக்கம் முழுவதும் வயல். கடலுக்குப் போகிறவர், வயல் செய்கிறவர், கைத்தறி நெய்கிறவர், சின்னக் கடை வைத்திருக்கிறவர், இவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் பாடம் நடத்துகிறோம்.

“கடலோரத்து ஆள் மலைக்கு வந்து என்னத்தைச் சொல்லப் போறார்?” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது எங்கள் வயலும் உங்கள் மலையும் சேர்ந்துதான் வாடின. உரம் என்றால் என்ன, அதில் என்ன இருக்கிறது, எது எவ்வளவு போட வேண்டும், எது மண்ணைக் கெடுக்கும் என்று வயற்காரனுக்கும் தெரிய வேண்டும், தோட்டத் தொழிலாளிக்கும் தெரிய வேண்டும். இதெல்லாம் இரசாயனம்தான். டவுனில் உள்ள பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதி வைத்த பாடம் அல்ல அது.

பூட்டிக் கிடந்த அறை

முதலில் எங்கள் குறையைச் சொல்கிறோம். எங்களில் சிலர் படித்த பாடசாலை ஒன்றில் விஞ்ஞான ஆய்வுகூடம் இருந்தது. கதவில் பெரிய பூட்டு. சாவி ஒருவரிடம். “போத்தல் ஒடைஞ்சா யார் பொறுப்பு?” என்பதுதான் எப்போதும் வரும் பதில். ஜன்னல் கம்பிக்குள்ளால் எட்டிப் பார்ப்போம். கண்ணாடி அலுமாரிக்குள் குழாய்கள், குடுவைகள், நீலக் கட்டிகள். உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும் வரைக்கும் அந்த நீலக் கட்டியை நாங்கள் கையால் தொட்டதில்லை. ஆனால் “செப்புச் சல்பேற்று நீல நிறப் பளிங்கு, சூடாக்கினால் வெண்மையாகும்” என்று எழுதிப் புள்ளி வாங்கினோம்.

பிறகு நாங்களே ஆசிரியர்களாகி அப்படி ஓர் அறையைத் திறந்தபோது, போத்தல் லேபிளையெல்லாம் பூச்சி அரித்திருந்தது. எது உப்பு, எது நஞ்சு என்று தெரியவில்லை. உடையக்கூடாது என்று பூட்டி வைத்த சாமான் உடையாமலேதான் இருந்தது. ஒரு பிள்ளைக்கும் பயன்படாமல் பழுதாகிப் போயிருந்தது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறோம்? “எங்க ஸ்கூல்ல ஆய்வுகூடம் இல்ல, அதனால எங்க பிள்ளை விஞ்ஞானம் படிக்க ஏலாது” என்று பல தோட்டங்களில் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மலையகத்தில் தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் போதாது என்பது உண்மை. அதற்காகக் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வகுப்புக்குப் போவதற்கு முந்தியே, ஆறாம் ஆண்டு, ஏழாம் ஆண்டிலேயே, “இது நமக்கு ஒத்து வராது” என்று பிள்ளை மனதைப் பூட்டிக்கொண்டால், பிறகு கட்டடம் வந்தும் பயனில்லை. அந்தப் பூட்டைத் திறப்பதற்கு அடுப்படிச் சாமான் போதும்.

இரண்டு மெழுகுதிரியும் ஒரு கேள்வியும்

இப்போது ஒரு பரிசோதனையைச் செய்து காட்டுகிறோம். ஒரு தட்டில் தண்ணீர். நடுவில் மெழுகுதிரி. கொளுத்தியாயிற்று. இதன் மேல் இந்தக் கண்ணாடிப் போத்தலைக் கவிழ்க்கிறோம். பாருங்க, சுடர் சின்னதாகி அணைகிறது. தண்ணீர் போத்தலுக்குள் ஏறுகிறது.

ஏன் ஏறியது? “வளியில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன். மெழுகுதிரி அதை எரித்து முடித்துவிட்டது. அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது” என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். நாங்களும் பல வருஷம் அப்படியே படிப்பித்தோம்.

ஒரு நாள் வகுப்பில் மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள். “சேர், ரெண்டு மெழுகுதிரி வெச்சுப் பார்ப்பமா?” என்றாள். வைத்தோம். தண்ணீர் முன்னையை விடக் கூடுதலாக ஏறியது. “போத்தல் அதே போத்தல்தானே சேர். உள்ளுக்கு இருக்கிற ஒட்சிசனும் அதே அளவுதானே. அப்ப தண்ணி எப்படிக் கூட ஏறின?” என்று கேட்டாள்.

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. வகுப்பு முழுவதும் எங்கள் முகத்தைப் பார்த்தது. “நாளைக்குச் சொல்றேன் மகள், உட்காருங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நாலைந்து தரம் செய்து பார்த்தோம். அப்போதுதான் இத்தனை நாளும் பார்க்காததைப் பார்த்தோம். சுடர் எரியும் நேரத்தில் தண்ணீர் மெதுவாக ஏறவில்லை. அணைந்த பிறகுதான் சடாரென்று ஏறுகிறது. கவிழ்க்கும் நேரத்தில் விளிம்பால் குமிழி வெளியே போவதும் தெரிந்தது.

விஷயம் இதுதான். சுடரின் சூட்டால் போத்தலுக்குள் வளி விரிகிறது. விரிந்த வளியில் ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்ச வளி குளிர்ந்து சுருங்குகிறது. அந்த இடத்துக்குத்தான் தண்ணீர் ஏறுகிறது. இரண்டு மெழுகுதிரி என்றால் சூடு கூட, வெளியே போகும் வளியும் கூட. மெழுகுதிரி அணையும்போது உள்ளே ஒட்சிசன் முழுவதும் முடிவதும் இல்லை. சுடர் எரியப் போதாத அளவுக்குக் குறைகிறது, அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பில், “பிள்ளை கேட்டதுதான் சரி, நாங்கள் படிப்பித்தது பிழை” என்று சொன்னோம். அன்றைக்கு அந்த வகுப்பு மாறிவிட்டது. அதற்குப் பிறகு பின்வாங்கில் உட்காருபவனும் கை உயர்த்தத் தொடங்கினான்.

அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கை எப்படிக் காட்டுவது? அதற்கு வேறு வழி இருக்கிறது. துருப்பிடிக்கும் மெல்லிய இரும்பு நாரையோ, கடைசல் பட்டறையில் விழும் இரும்புத் தூளையோ எடுங்கள். வினாகிரியில் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். ஈரத்தோடு ஒடுங்கிய போத்தலின் அடியில் ஒட்ட வைத்து, போத்தலைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடிப்பதற்கு ஒட்சிசன் வேண்டும். தண்ணீர் மெதுவாக ஏறி, போத்தலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் நின்றுவிடும். அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டி வைத்தால் பிள்ளை தினமும் ஓடிப்போய்ப் பார்க்கும். இங்கே நெருப்பு இல்லை, சூடு இல்லை. ஏறிய தண்ணீர் ஒட்சிசனின் இடத்தைத்தான் பிடித்திருக்கிறது.

மெழுகுதிரி என்றதும் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தில் மைக்கல் பரடே என்று ஒருவர் இருந்தார். 1791இல் பிறந்தவர். தகப்பன் கொல்லர். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகப் போனவர், கட்ட வந்த புத்தகங்களையே வாசித்து, உலகம் மதிக்கும் விஞ்ஞானியானார். லண்டனில் சிறுவர்களுக்காக மெழுகுதிரியை வைத்துக்கொண்டு தொடர் உரைகள் நடத்தினார். அந்த உரைகள் 1861இல் புத்தகமாக வந்தன. கொல்லர் மகனுக்கு முடிந்தது கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்கு முடியாதா?

கடல் வந்து போன பிறகு

2004 டிசம்பர் 26ஆம் தேதியை எங்கள் கரையில் யாரும் மறக்க முடியாது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று சுனாமி வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. பாடசாலைகளும் போயின. படிப்பித்த ஆசிரியர்களும், படித்த பிள்ளைகளும் போனார்கள். கொட்டில் வகுப்புகளில் மீண்டும் தொடங்கியபோது, மேசை இல்லை, அலுமாரி இல்லை, ஒரு சோதனைக் குழாயும் இல்லை.

அந்த நேரத்தில் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி பாடத்தைப் பற்றி இல்லை. “சேர், எங்கட கிணத்துத் தண்ணி ஏன் சவர்க்காரம் நுரைக்குதில்ல?” என்றுதான் கேட்டார்கள். கடல் கிணறுகளுக்குள் புகுந்திருந்தது. அதையே பாடமாக எடுத்தோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவர வேண்டும். வெளுக்கும் சவர்க்காரத்தைச் சுரண்டிக் கரைத்து வைத்தோம். எல்லாப் போத்தலிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சவர்க்காரக் கரைசல், ஒரே எண்ணிக்கையில் குலுக்கல். பிறகு நுரையின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதினோம்.

கடல் தண்ணீரில் கல்சியம், மகனீசியம் உப்புகள் நிறைய உண்டு. அவை சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகிவிடும். நுரை வராது. கடலுக்குக் கிட்டிய கிணறு, தூரத்துக் கிணறு என்று பிள்ளைகள் வரைபடம் கீறினார்கள். மாரி மழை பெய்து முடிந்த பிறகு திரும்ப அளந்தார்கள். நுரை கூடியிருந்தது. மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி உப்பைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பதைப் புத்தகம் இல்லாமலே கண்டுகொண்டார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னோம். நுரை வந்தால் அது மென்மையான தண்ணீர் என்றுதான் அர்த்தம். குடிக்க நல்லது என்று அர்த்தம் இல்லை. கிருமியை நுரை காட்டாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். இது உங்கள் பீலித் தண்ணீருக்கும் பொருந்தும். பீலியில் வரும் தண்ணீர் நன்றாக நுரைக்கும். அதற்காகக் கொதிக்க வைக்காமல் குடிக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம்.

வீட்டை இழந்த பிள்ளைகள் அவர்கள். தாயை இழந்தவர்களும் இருந்தார்கள். அந்த மாதங்களில் அவர்கள் தாங்களாகவே சிரத்தையோடு செய்த முதல் வேலை அந்த நுரை அளப்புதான். ஒரு பரிசோதனை துக்கத்தைத் தீர்க்காது. ஆனால் நடந்ததைப் பார்த்து ஏங்கிக்கொண்டு இருந்த பிள்ளை, அளந்து எழுதத் தொடங்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறது. இதைக் கண்ணால் கண்டோம்.

மாத்திரை அட்டையே ஆய்வுகூடம்

இப்படிக் குறைந்த சாமானோடு செய்வது வசதியில்லாதவர்களின் சமாளிப்பு என்று யாரும் குறைவாக எண்ண வேண்டாம். தென்னாபிரிக்காவில் ஜோகன்னஸ்பேர்க் நகரத்து விற்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் பிராட்லி என்ற பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும், உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டில் துளித்துளியாக இரசாயனம் செய்யும் முறையை வளர்த்தார்கள். 1990களில் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. ஒரு போத்தல் அமிலம் வேண்டிய இடத்தில் சில துளி போதும். செலவு குறைவு, கழிவு குறைவு, விபத்தும் குறைவு. முக்கியமாக, ஆசிரியர் செய்ய நாற்பது பேர் எட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக நாற்பது பேரும் செய்யலாம்.

அந்தத் தட்டு எங்களிடம் இல்லை. வெறும் மாத்திரை அட்டை இருந்தது. மாத்திரை போன பிறகு அட்டையில் குழிகள் இருக்குமே, அவைதான் எங்கள் சோதனைக் குழாய்கள். உறிஞ்சு குழலைச் சரிவாக வெட்டினால் கரண்டி. ஊசி இல்லாத புதுச் சிறிஞ்ச் அளவுபாத்திரம்.

இனி உங்கள் வீட்டில் செய்யக்கூடிய மூன்றைச் சொல்லித் தருகிறோம்.

முதலாவது, மஞ்சள். ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதல்லவா? வெள்ளைச் சட்டையில் பட்ட கறிக் கறைக்குச் சவர்க்காரம் போட்டால் சிவந்து, அலசினால் திரும்ப மஞ்சளாகிறதல்லவா? உங்கள் அம்மாமார் காலங்காலமாகச் செய்துவரும் இரசாயனப் பரிசோதனை இது. மஞ்சள் ஒரு காட்டி. காரம் பட்டால் சிவக்கும். அமிலம் பட்டால் மஞ்சளாகவே இருக்கும். மஞ்சளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவிட்டு, துண்டு துண்டாக வெட்டுங்கள். மாத்திரை அட்டைக் குழிகளில் தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, பச்சைத் தண்ணீர், அப்பச்சோடாக் கரைசல், சவர்க்காரத் தண்ணீர் என்று ஒவ்வொரு துளி விட்டு, தாளைத் தொட்டுப் பாருங்கள். செவ்வரத்தம்பூ இதழைச் சுடுநீரில் ஊறவைத்த சாற்றைக் கொண்டும் செய்யலாம். அது அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சைப் பக்கம் திரும்பும். எது என்ன நிறம் என்று பிள்ளை முதலில் ஊகித்து எழுத வேண்டும். பிறகுதான் தொட வேண்டும். ஊகம் பிழைத்தால் அழிக்கக் கூடாது. பக்கத்தில் கண்டதை எழுத வேண்டும்.

இரண்டாவது, கொழுந்து. இது நீங்கள் எங்களுக்குப் படிப்பிக்க வேண்டிய பாடம். இரண்டு கொழுந்து எடுங்கள். ஒன்றைப் பச்சையாகவே உள்ளங்கையில் நன்றாகக் கசக்கி வையுங்கள். மற்றதைக் கொதிதண்ணீரில் சில நிமிஷம் அமுக்கி எடுத்துப் பிறகு கசக்குங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். பச்சையாகக் கசக்கியது செம்பு நிறமாகும். வெந்தது பச்சையாகவே கிடக்கும். இலைக்குள் இருக்கும் ஒரு நொதியம், இலை கசங்கியதும் வளியின் ஒட்சிசனோடு சேர்ந்து வேலை செய்கிறது. கொதிதண்ணீர் அந்த நொதியத்தைக் கெடுத்துவிடுகிறது. பெக்டரியில் கொழுந்தை வாட்டி, உருட்டி, பரப்பி வைத்து, பிறகு சூட்டில் காயவைப்பது இதே கணக்குத்தான். “புளிக்க வைக்கிறது” என்று சொன்னாலும் அங்கே நடப்பது பெரும்பாலும் ஒட்சியேற்றம். காய்ச்சும் சூடு அதை வேண்டிய இடத்தில் நிறுத்துகிறது. பச்சைத் தேயிலை செய்கிறவர்கள் தொடக்கத்திலேயே சூடுகாட்டி அதைத் தடுத்துவிடுகிறார்கள். இந்த நாட்டுக்கு அன்னியச் செலாவணி தேடித்தரும் ஒரு பெரிய இரசாயனத் தாக்கம் உங்கள் கூடைக்குள்ளிருந்துதான் தொடங்குகிறது. அதை உங்கள் பிள்ளைக்கு உங்களைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்?

அதே தேயிலையில் இன்னொன்று. பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்தால் சாயம் வெளிறும். அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் கறுக்கும். துருப்பிடித்த ஆணியைக் கொஞ்ச நேரம் ஊறப் போட்டால் மை மாதிரிக் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் இப்படித் துவர்ப்புச் சாற்றோடு இரும்பு உப்பைச் சேர்த்துத்தான் எழுதும் மை செய்தார்கள். (ஆணி போட்டதைக் குடிக்கக் கூடாது, ஊற்றிவிடுங்கள்.)

மூன்றாவது, முட்டை ஓடு. ஓட்டில் ஒரு பாதியை முழுசாகவும், ஒரு பாதியை நன்றாக நொறுக்கியும் இரண்டு கோப்பையில் போட்டு, ஒரே அளவு வினாகிரி ஊற்றுங்கள். இரண்டிலும் குமிழி வரும். அது காபனீரொட்சைட்டு. நொறுக்கியதில் வேகமாக வரும். துண்டு சின்னதானால் அமிலம் படும் இடம் கூடுகிறது, தாக்கமும் வேகமாகிறது. எங்கள் கரையில் கிடக்கும் சிப்பி, உங்கள் முட்டை ஓடு, கவ்வாத்துக் காலத்தில் மலைக்குப் போடும் டொலமைட், மூன்றும் காபனேற்று வகைதான். தேயிலைக்கு அமிலத் தன்மையுள்ள மண் பிடிக்கும். ஆனால் வருஷக் கணக்காக உரம் போட்டு அமிலம் அளவுக்கு மிஞ்சினால் செடி தாங்காது. அதைக் குறைப்பதற்குத்தான் டொலமைட். ஏன் அதைத் தூளாக அரைத்துப் போடுகிறார்கள் என்று இப்போது உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். அது பதில் சொல்லும்.

கவனம், கவனம், கவனம்

இனிச் சொல்லப் போவதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

ஒரு முறை எங்கள் வகுப்பில் சுண்ணாம்புத் தண்ணீர் செய்யும்போது, ஒரு மாணவனின் கண்ணில் சுண்ணாம்பு தெறித்துவிட்டது. வெற்றிலைச் சுண்ணாம்புதானே என்று நாங்கள் அசட்டையாக இருந்தோம். உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் வரை கண்ணைக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பார்வை தப்பியது. பிழை எங்களுடையது. அன்றிலிருந்து கண்ணாடி போடாமல் சுண்ணாம்பைத் தொட விடுவதில்லை. லயத்து வீடுகளில் வெற்றிலைத் தட்டு பிள்ளைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது. சுண்ணாம்பு டப்பாவைத் தயவுசெய்து உயரத்தில் வையுங்கள்.

கழுவும் தூள், கழிவறை கழுவும் அமிலம், வெளிறச் செய்யும் குளோரின் மருந்து, இவற்றை ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது. குளோரின் மருந்தும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சை அடைத்துக் கொன்றுவிடும்.

பூச்சி மருந்து, களைக்கொல்லிப் போத்தலைக் கழுவிப் பரிசோதனைக்கோ தண்ணீர் வைப்பதற்கோ எடுக்கக் கூடாது. மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவும் கூடாது. நிறத்தைப் பார்த்துக் குடித்துவிட்ட பிள்ளைகளின் கதை வயற்பக்கத்திலும் உண்டு, மலையிலும் உண்டு.

பற்றரி அமிலம் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். பாடசாலையில் அமிலத்தை ஐதாக்கும்போதும், தண்ணீருக்குள்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

நெருப்பு சம்பந்தப்பட்ட எதையும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யக் கூடாது. பரிசோதனைக்கு எடுத்த கோப்பையைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கவும் கூடாது.

தமிழில் முடியாதா?

“விஞ்ஞானம் இங்கிலீசில் படிச்சாத்தான் சரிவரும், தமிழ்ல எங்க முடியும்?” என்றும் கேட்கிறார்கள். 1875இலேயே “கெமிஸ்தம்” என்ற பெயரில் தமிழில் இரசாயன நூல் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் வந்த நூல் அது.

எங்கள் கரையிலே காரைதீவில் 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். யாழ் நூல் எழுதிய தமிழறிஞர் என்றுதான் அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் துறவியாவதற்கு முன் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர், 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர்தான் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லச் சொற்கள் வேண்டும் என்று பாடுபட்டவர்களில் எங்கள் ஊர்ப் பக்கத்தவர் முன்னால் நின்றார் என்பதில் முஸ்லிம், இந்து என்று வேறுபாடில்லாமல் எங்களுக்குப் பெருமை. இன்று தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. வயலுக்குப் பக்கத்தில் விஞ்ஞான பீடம் வர முடியுமென்றால், தேயிலை மலைக்கும் விஞ்ஞானம் வரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

பெற்றோராகிய உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறோம்.

ஒன்று, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். அரை நாள் சம்பளம் போகும் என்பது தெரியும். முறை வைத்தாவது போங்கள். போய், “விஞ்ஞானச் சாமான் இருக்கிறதா? அலுமாரி கடைசியாக எப்போது திறந்தது? எங்கள் பிள்ளை இந்தத் தவணையில் தன் கையால் எத்தனை பரிசோதனை செய்தது?” என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆசிரியரைக் குறை சொல்வதற்காகக் கேட்க வேண்டாம். சாமான் உடைந்தால் அவரைத் தனியே மாட்டிவிடாமல், சங்கமே பொறுப்பேற்கும் என்று முடிவெடுங்கள். அந்தப் பயம் போனால் பல பூட்டுகள் திறக்கும்.

இரண்டு, வீட்டில் பிள்ளை ஒரு கோப்பை வினாகிரியும் முட்டை ஓடும் கேட்டால், “விளையாடாம படி” என்று விரட்டாதீர்கள். அதுவும் படிப்புத்தான். பக்கத்தில் இருந்து பாருங்கள்.

மூன்று, ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். கண்டதைத் தேதி போட்டு, அளந்து எழுதும் பழக்கம் வரட்டும். அளந்து எழுதப் பழகிய பிள்ளை நாளைக்கு உங்கள் கொழுந்துக் கிலோவையும் வேலை நாளையும் உங்களுக்காகக் கணக்கெழுதி வைக்கும். தராசின் முள்ளைப் பார்க்கத் தெரிந்த வீட்டில் கணக்குப் பிழைக்காது.

இரண்டு மெழுகுதிரி கேட்ட அந்தப் பிள்ளையைப் பற்றி முடிவாக ஒரு வார்த்தை. அவள் கேட்டது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. கண்ணால் கண்டதை வைத்து, “இது எப்படி?” என்று கேட்டாள். குறிப்பைப் பார்த்தெழுதிய வகுப்பில் அந்தக் கேள்வி பிறந்திருக்காது, தண்ணீர் கண் முன்னால் ஏறியதால்தான் பிறந்தது. உங்கள் பிள்ளைகளும் அப்படிக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முதலில் பார்க்க வேண்டும், தொட வேண்டும், செய்ய வேண்டும்.

மேசையில் இருக்கும் சாமானெல்லாம் பிள்ளைகளுக்குத்தான். வாங்க பிள்ளைகளே, வரிசையாக வாங்க. முதலில் கையைக் கழுவிக்கொண்டு, மஞ்சள் தாளை எடுங்க. என்ன நிறம் வரும் என்று எழுதிவிட்டுத் தொடுங்க.